நூற்றேழைக் கூட்டினால் எட்டு

பழவங்காடியில் ஒரு மாடி ஆபீஸில், வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கவுன்சிலராக இருந்தேன். யார் எந்த யூனிவர்சிட்டிக்கு அப்ளிகேஷன் போடுவது, எந்த ஸ்கோரை அனுப்புவது என்று சொல்வது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அமெரிக்க விதிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விதிகள் சுலபம். அப்பாக்களைப் பற்றிக் கேளுங்கள்.

1. இரண்டு ஸ்கோர்

பக்கத்து ஏரியாவான ஸ்ரீவராகத்துப் பெண் ஹேமா, டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வில் நூற்றேழு வாங்கியிருந்தாள். அவள் ஆசைப்பட்ட யூனிவர்சிட்டி கேட்டது நூறு. வேலை முடிந்தது என்று ஃபைலை மூடப் போனேன். அவளுடைய அப்பா மூடவிடவில்லை. அவர் அரசாங்க என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். நூற்றேழைக் கூட்டினால் எட்டு, எட்டு சனியின் எண், ஆகவே ஆகாது என்று மகளை மறுபடி எழுத வைத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பரீட்சையன்று அவளுக்கு நல்ல காய்ச்சல். தொண்ணூற்றொன்பது வந்தது. கூட்டினால் ஒன்பது. மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டோஃபலைப் பொறுத்தவரை எந்தத் தேதியில் எழுதிய ஸ்கோரை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம்.

"ரெண்டாவதையே அனுப்பிடுங்கோ மேடம்."

"சார், அவங்க கேக்கது நூறு. ஒண்ணு கொறஞ்சாலும் ஃபைலைத் தள்ளி வச்சிருவாங்க."

"ஒரு மார்க்குதானே? நம்பர் நன்னா இருந்தா எல்லாம் தானா நடக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாலம் கட்டும்போது எட்டாவது தூணை விட்டுவிட்டா கட்டினீர்கள் என்று கேட்க வாய் துடித்தது. ஹேமாவைப் பார்த்து, "உனக்கு எதை அனுப்பணும்மா?" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள், "நீ சும்மா இரு" என்று அடக்கிவிட்டார்.

எங்கள் மலையாளி முதலாளியிடம் போனேன்.

"அவர் சொன்ன மாதிரி செய்யுங்க, கேட்டோ. நமக்கு எத்தனை ஆளுகளைக் கொண்டு வந்து விட்டவர்! கஸ்டமரை முஷிப்பிக்கப் படாது, மனசு கோண விடப்படாது."

"கஸ்டமர் இவரா சார், அந்தப் பொண்ணா?"

அவர் போனை எடுத்துக்கொண்டார். தொண்ணூற்றொன்பதுதான் போயிற்று.

2. பதில்

குறைந்தபட்ச ஸ்கோர் இல்லை, பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. அப்பாவும் மகளும் மறுபடி படியேறி வந்தார்கள். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

"நேரம் சரியில்லை. இன்னொரு தடவை எழுதட்டும். கூட்டினா ஆறு வர்ற மாதிரி வாங்கட்டும்."

முதலாளி தலையாட்டினார். "மதி சாரே, அது போதும். அடுத்த பேட்ச்ல சேர்த்துரலாம்."

ஹேமா எழுந்து நின்றாள்.

"அப்பா, நான் பொறந்தது இருபத்தாறாந் தேதி. கூட்டிப் பாருங்கோ."

"அதனாலதாண்டி சொல்றேன். ரெண்டு எட்டு ஒண்ணா சேரப்படாது."

"அப்போ என்னையும் அனுப்பாதேங்கோ. அந்த நூத்தேழோட சேர்த்து என்னையும் ஆத்துலேயே வெச்சுக்கோங்கோ."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், ஜனவரியில சேர்றதுக்கு எந்த யூனிவர்சிட்டி இருக்கு, பாருங்கோ. நூத்தேழுதான் போகணும்."

நான் முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே அனுப்பினேன். இடமும் கிடைத்தது. ஆனால் அவள் முதலில் ஆசைப்பட்ட யூனிவர்சிட்டி அது இல்லை.

அதன் பிறகு எனக்கு ஒரே விதி. எந்த ஸ்கோர் போக வேண்டும் என்று பரீட்சை எழுதியவரிடம்தான் கேட்பேன். பெற்றோர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். முதலாளி முறைத்தார், முறைக்கட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டு எட்டும் ஒரே விமானத்தில்தான் ஏறிப் போயின. ஒன்றும் ஆகவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து வந்ததும் அவள் அப்பா எனக்கு போன் செய்து, "எல்லாம் நல்லபடியா நடந்தது மேடம், விமானத்துல சீட் நம்பரைக் கூட்டினா ஆறு" என்றார். போனை வைத்துவிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.