எட்டடிப் புகைக்குழாய்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். அப்பா அடித்து வளர்த்ததால் வந்தது என்று சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே அப்பாவிடம் அதே அடி வாங்கிய தம்பி இன்றுவரை யாரையும் தொட்டதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற சிற்றூர்ப் பக்கம் வீடு வாங்கினோம். தம்பி வன்னியிலிருந்து வந்து எங்களோடு இருந்தான். அந்தக் குளிர்காலத்தில், டிவிச் சத்தத்தைக் கூட்டினான் என்ற ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அவனை அறைந்தேன். மனைவி சத்தம் போடாமல் சொன்னாள்.

"இன்னொருக்கா அவரில கை வைச்சியளெண்டால் நான் பிள்ளையளோட ஒஷாவாவுக்கு அக்கா வீட்டை போயிடுவன். பிறகு கூப்பிட வரவேண்டாம்."

சொன்னால் செய்கிறவள். இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மார்ச்சில் வளவுக்குப் பின்னால் இருந்த மேப்பிள் மரங்களில் துளை போட்டு வாளி கட்டினோம். தண்ணீர் போன்ற அந்தச் சாறு நாற்பது வாளி வற்றினால்தான் ஒரு வாளி இனிப்புப் பாணி. வீட்டுக்குள் காய்ச்சினால் சுவரெல்லாம் ஆவி பிடிக்கும். பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து, சம்மட்டியால் அடித்து நெளித்து, மேலே சாறு ஊற்ற நாலடித் தட்டு ஒன்றை வைத்து வெளியில் அடுப்புக் கட்டினேன். வேலையிடத்து ஃபோர்மன், ஒரு வெள்ளைக்காரக் கிழவர், புகைக்குழாய்க்கு அளவு சொன்னார்: தட்டின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு உயரம், ஆறு அங்குல அகலம். குறைத்தால் நெருப்பு மூச்சுவிடாது, புகை முகத்துக்குத் திரும்பும். இரண்டடித் துண்டுகள் நாலு வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை ஓவர்டைம். நாலு துண்டையும் பொருத்திக் காய்ச்சத் தொடங்கச் சொல்லித் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் வந்தபோது வளவெல்லாம் புகை. ஒரேயொரு துண்டைத்தான் மாட்டியிருந்தான். அதன் வாயையும் அடித்து ஒடுக்கி, ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்தான். நெருப்பு அணைந்துகொண்டிருந்தது. ஒரு கிழமையாகச் சேர்த்த சாறு சாம்பல் மிதக்க, புகை நாறிக் கிடந்தது.

ஏனென்று கேட்டேன். அவன் வானத்தைப் பார்த்தான். பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"உயரத்தில விட்டால் மேல இருந்து தெரியும் அண்ணை."

வன்னியில் கஞ்சி காய்ச்சிய அடுப்பின் புகையைக் கண்டு ஹெலிகொப்டர் திரும்பி வந்து சுட்டதையும், அதில் அவன் மனைவி செத்துப்போனதையும் எனக்கு எழுதியிருந்தான். வாசித்து அழுதவன் நான். தெரியாமல் அடித்தேன் என்று சொல்ல வழியில்லை.

பிடரியில் பிடித்து, அடுப்பு வாயில் கக்கிய புகைக்குள் அவன் முகத்தை அமுக்கினேன். "மேல ஆரடா இருக்கிறான்? வடிவாப் பார்" என்று கத்தினேன். இருமி இருமித் திமிறியபோது கையில் அகப்பட்ட குழாய்த் துண்டால் வாயில் அடித்தேன். பல் உடைந்தது. பனியில் இரத்தம் சொட்டியது. அவன் கையைத் தூக்கவேயில்லை. அது என் வெறியை இன்னும் கூட்டியது. இரண்டாவது அடியும் அடித்தேன்.

நிமிர்ந்தபோது என் மனைவி பின்கதவில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. உள்ளே போய்ப் பிள்ளைகளுக்குக் கோட்டுப் போட்டாள். துவாயில் பனியை அள்ளிச் சுற்றித் தம்பியின் வாயில் வைத்தாள்.

"தம்பி, நீங்களும் ஏறுங்கோ."

என் தம்பியைத்தான் கூட்டிப்போனாள். நான் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். அவள் இறக்கவில்லை.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல், நெளிந்த துண்டுகளைத் தட்டி நேராக்கி நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினேன். மிச்சமிருந்த வாளிச் சாற்றை ஊற்றி நெருப்பு மூட்டினேன். அடுப்பு இரைந்து இழுத்தது. புகை நேரே மேலே போனது. சாறு கொதித்தது. நான் சொன்ன அளவுதான் சரி. அதை ஒத்துக்கொள்ள வீட்டில் ஒருவரும் இல்லை.