முதல் பொட்டு வைத்தவர்

காரைக்குடியில் ஒரு மெஸ்ஸின் சமையலறையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நீராவிக் குழாய் ஒழுகுகிறது என்று நான் மூன்று வாரமாகச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என் தொழில் கூட்டாளி சிவகாமியின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டாக" என்றாள். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று இப்போது நினைவில்லை. அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். அதுவரை என்னிடம் வசை வாங்கிக்கொண்டிருந்த மாஸ்டர், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

உங்களில் பலருக்கு அவரை "பாய்லரம்மா" என்றுதான் தெரியும். கல்யாண மண்டபம், விடுதி, கோயில் அன்னதானக்கூடம் என்று நம் பக்கத்தில் நீராவியில் இட்லியும் சோறும் வேகும் இடங்களில் பாதிக்கு மேல் அவர் செய்த பாய்லர்தான் நிற்கிறது. தச்சு வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, இரும்புக்கு மாறியவர். நான் கண்டரமாணிக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம், பம்புசெட் விற்றுக்கொண்டிருந்தேன். கோட்டையூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். செய்வது அவர் பொறுப்பு, விற்பது என் பொறுப்பு, சண்டை போடுவது இருவருக்கும் பொது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பாய்லர் வண்டி ஏறும் நாளில் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சிவகாமி தன் கையால் பாய்லருக்குச் சந்தனப் பொட்டு வைப்பார். அதன் மேல் குங்குமம். பொட்டு வைக்கும் இடம் சேஃப்டி வால்வு. உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து, விசில் அடித்து, ஆவியை வெளியே விடுகிற சாமான் அது. பாய்லரின் உச்சியில் இருப்பதால் அதுதான் நெற்றி என்று எல்லோருக்கும் தோன்றியது. வாங்கிப் போனவர்களும் பார்த்துப் பழகி, வெள்ளிக்கிழமை தோறும் அங்கேயே வைத்தார்கள். ஆயுத பூஜைக்குக் கேட்கவே வேண்டாம், வால்வையே சந்தனத்தில் குளிப்பாட்டிவிடுவார்கள். மங்களகரமாகத்தான் இருந்தது. எங்கள் விளம்பரப் படத்திலேயே அந்தப் பொட்டு உண்டு.

ஒரு ஆயுத பூஜை முடிந்த வாரம், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆவி சரியாக வரவில்லை என்றார்கள். இருவரும் போனோம். சிவகாமி குழாயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வார்டனிடம் புது மாடல் பற்றி அளந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வால்வு விசில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. முள் இன்னும் நகர்ந்தது.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் சிவகாமி. குரல் உயரவில்லை. சமையல் பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் மரம் மாதிரி நின்றேன். "அண்ணே, உங்களையும்தான்" என்றார். கேஸை அடைத்துவிட்டு, இட்லிப் பாத்திரங்களுக்குப் போகும் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஆவியை வெளியே விட்டார். அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. வாசலில் நின்ற எனக்கு அவர் தெரியவில்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போகக் கால் வரவில்லை, வெளியே நிற்க மனம் வரவில்லை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தார். முள் இறங்கிவிட்டது என்றார்.

பாய்லர் ஆறியபின் வால்வைக் கழற்றிக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தார். தண்டு மேலே எழ வேண்டிய இடுக்கில் மஞ்சளாக ஏதோ கல் போல் இறுகியிருந்தது. திருப்புளியால் சுரண்டி, மோந்து பார்த்து, என் மூக்கருகில் நீட்டினார். அத்தனை சூட்டில் வெந்தும் வாசனை போகவில்லை. "சந்தனம்ணே" என்றார்.

விஷயம் இவ்வளவுதான்: வைத்த பொட்டு காய்ந்து, அடுத்த பொட்டு அதன் மேல் காய்ந்து, இடுக்கில் இறங்கி, வால்வைக் கட்டிப் போட்டுவிட்டது. எங்கள் பாய்லர் நிற்கும் எந்தச் சமையலறையிலும் இப்படி இருக்கலாம். ஆயுத பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. மறுநாள் ஐப்பசியின் முதல் பெரிய முகூர்த்தம்.

பட்டறைக்கு வந்ததும் நான் முதலில் கூப்பிட்டது எங்கள் வக்கீலை. நல்ல மனிதர், அவர் வேலையை அவர் செய்தார். வாங்கியவர்கள் பராமரிப்பில் விட்ட குறை, நீங்கள் வாய் திறந்து எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. ஒரு பெரிய ஓட்டல்காரர் தன் எல்லாக் கிளைகளுக்கும் எங்களிடம் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பிப் பட்டறையைப் பெரிதாக்கியிருந்தோம். தீபாவளி வேறு வருகிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். நான் ஒரு நடுவழி சொன்னேன். வால்வைச் சுத்தம் செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவோம், வருஷாந்தர சர்வீஸ் மாதிரி, காரணம் எதற்கு?

சிவகாமி வாடிக்கையாளர் நோட்டை எடுத்துப் பிரித்தார். பிறகு சொன்னார்: "சுத்தம் பண்ணுங்கன்னு சொன்னா முகூர்த்தம் முடியட்டும்னு இருப்பாக. அடுப்பை அணைங்கன்னாத்தாண்ணே இப்ப அணைப்பாக."

"சந்தனம் வச்சது அவுக. நாம ஏன் தாயி தலையைக் குடுக்கணும்?" என்றேன்.

"அவுக எத்தனை வேணா வச்சிருக்கட்டும். முதப் பொட்டு நான் வச்சது."

ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பாய்லர் அடுப்பை அணையுங்கள், வால்வைக் கழற்றிச் சோதிக்கும் வரை பாய்லரைப் பற்றவைக்காதீர்கள், விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ சமைத்துக்கொள்ளுங்கள், தப்பு எங்கள் மேல் என்று சொன்னோம். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் முழுங்கிவிடுவேன் என்று தெரிந்து, என் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு கோயிலில் பேச்சு முடியும் முன்பே அணைத்துவிட்டார்கள். ஒரு கேண்டீன்காரர் சிரித்தார். இன்னொருவர், "சாமிக்கு வச்ச சந்தனத்தையா குத்தம் சொல்றீக?" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். சிவகாமி திரும்பவும் அவரைக் கூப்பிட்டார், அவர் எடுக்கும் வரை.

நாட்டரசன்கோட்டையில் ஒரு மண்டபம் மட்டும் மசியவில்லை. அங்கே மாப்பிள்ளை அழைப்பு விருந்துக்கு மதியமே பாய்லரைப் பற்றவைத்துவிட்டார்கள். மண்டபத்துக்காரர் என்னிடம், நேரில் வாங்க, சாப்பிட்டுப் போங்க என்று கிண்டல் செய்துவிட்டு வைத்தார். நேரில் போனோம். காரை சிவகாமிதான் ஓட்டினார். வழி முழுக்க நான் அந்தச் சமையற்கட்டுக்குப் போன் செய்தபடியே வந்தேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை மணி அடித்து ஓயும்போதும் மறுபடி எண்ணை அழுத்தினேன்.

சமையற்கட்டில் அண்டா அண்டாவாக வெந்துகொண்டிருந்தது. முள் சிவப்புக்கோட்டுக்குக் கீழேதான் நின்றது. மண்டபத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். "பந்திக்கு நேரமாகுது. அணைச்சா எனக்கு யாரு பதில் சொல்றது? பொண்ணு வீட்டுக்கு நீங்க சொல்வீகளா?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன்" என்றார் சிவகாமி. "அணைக்க மாட்டீகன்னா இந்த ஆளுகளை எல்லாம் அங்குட்டு அனுப்பிச்சிருங்க. நான் மட்டும் பாய்லருகிட்ட நிக்கிறேன். நீங்க பந்தியப் பாருங்க."

சொன்னபடியே போய் நின்றும்விட்டார். மண்டபத்துக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் நின்றேன். மேளம் நின்று மறுபடி தொடங்கியது. மண்டபத்துக்காரரே வந்து கேஸை அடைத்தார். சிவகாமி நேரே பெண்ணின் அப்பாவிடம் போய், பந்தி தாமதமாகும், காரணம் நான்தான் என்று கும்பிட்டுச் சொன்னார்.

வால்வைக் கழற்றினோம். சுத்தமாக இருந்தது. அந்த மண்டபத்தில் யாரோ ஒரு மாஸ்டர், வேலை செய்யும்போது காய்ந்து உதிர்ந்து கண்ணில் விழுகிறது என்று சந்தனத்தை அவ்வப்போது துடைத்துப் போட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் பந்தி கெட்டதுதான் மிச்சம். அத்தனை பேர் முன்னாலும் மண்டபத்துக்காரர் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. சிவகாமி கேட்டுக்கொண்டு நின்றார். அந்த ஆள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "வால்வு நல்லா இருந்துச்சுல்ல, அது போதும்" என்றார். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. எனக்கும்தான்.

ஓட்டல்காரர் பின்வாங்கிவிட்டார். சந்தனம் வைத்தால் வெடிக்கிற பாய்லர் என்று எங்களைப் போல் பாய்லர் செய்பவர்களின் ஆட்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். அந்தத் தீபாவளியை எப்படித் தாண்டினோம் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒருநாள் அன்னதானக்கூடத்துப் பரிசாரகர் ஒருவர் வந்து, கழற்றிய வால்வை எங்கள் மேஜைமேல் வைத்தார். கெட்டியாக அடைத்திருந்தது. சிவகாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதன் பிறகுதான், சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபித்திருந்த வக்கீலும் எங்களோடு சகஜமாகப் பேச ஆரம்பித்தார்.

இனிமேல் யாரும் பொட்டு வைக்கக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிடலாம் என்றேன். சிவகாமி சிரித்தார். எழுதி ஒட்டினால் அந்த எழுத்துக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள் என்றார். வால்வுக்கு ஒரு கூண்டு செய்து மூடினார். பாய்லரின் முன்பக்கம், கண்ணுக்கு நேரே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகட்டைப் பதித்தார். பொட்டு அங்கே போய்விட்டது. மற்ற பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். எங்களைக் கேலி பேசியவர்களும் செய்தார்கள். சண்டைக்குப் போகலாம் என்று நான் குதித்தேன். "செய்யட்டும்ணே, நல்லது. அளவு கேட்டாக்கூட அனுப்பிவிடுங்க" என்றார். எனக்கு அழுகை வராத குறை.

சென்ற வாரம் நம் சிறுதொழில் சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவருடைய துணிச்சலைப் பற்றித்தான் பேசினார்கள். அஞ்சாநெஞ்சம் என்றார் ஒருவர். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. மண்டபத்திலிருந்து திரும்பி வந்த வழியில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "அண்ணே, நீங்க ஓட்டுங்க. எனக்குக் கை நிக்கல" என்றார். இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். அந்த ஆள் திட்டியதற்கா இப்படி என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அங்க ஒரு அம்மா பாய்லருக்கு முதுகு காட்டி உக்காந்து வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தாக, பாத்தீகளா? திரும்பிக்கூடப் பாக்கல. நம்ம பேரு போட்ட சாமானை நம்பித்தானே அவுக அப்படி உக்காந்திருக்காக? அதை நினைச்சாப் பயமா இருக்குண்ணே."

நான் அந்த அம்மாவைப் பார்த்திருக்கவில்லை. முள்ளைப் பார்த்தேன், மண்டபத்துக்காரரைப் பார்த்தேன், போகப்போகிற வியாபாரத்தைப் பார்த்தேன். காரை நான்தான் ஓட்டினேன்.

பட்டறையின் பொறுப்பு இப்போது என் தலையில். நேற்று ஒரு பள்ளி விடுதிக்குப் பாய்லர் புறப்பட்டது. வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, டிரைவர் சாவியைப் போட்டுவிட்டான். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் வண்டியின் முன்னால் போய் நின்றேன். அதன் பக்கத்தில் முதுகு காட்டி உட்காரப் போவது யார் என்று நினைத்துக்கொண்டேன். இறக்குங்கள், இன்னொரு தரம் சோதித்துப் பார்ப்போம் என்றேன். ஆட்கள் முகம் சுளித்தார்கள்.

சிவகாமி, உன் துணிச்சலை ஊர் வைத்துக்கொள்ளட்டும். உன் பயம் எனக்கு.