எப்சிபா டீச்சர் உட்கார்ந்தால் நிற்கிற கார்

எப்சிபா டீச்சரின் கார் எட்டு மாதத்தில் முப்பத்தொரு தடவை நடுரோட்டில் நின்றது. எண்ணியவள் நான். என் பெயர் பாலம்மாள். அவளோடு ஒரே பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். சங்கரன்கோவிலில் இருந்து மேலநீலிதநல்லூரைத் தாண்டி இருக்கிற அந்தப் பள்ளிக்குத் தினமும் அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிறவள். அதனால் கடைசித் தடவை தவிர மற்றத் தடவையெல்லாம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளிய பாக்கியமும் எனக்கே கிடைத்தது. இதை எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

டீச்சர் என்னைவிட ஆறு வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உயரம் நாலடி பத்தங்குலம். நாற்பத்து நான்காவது வயதில் கார் ஓட்டக் கற்று, தன் சம்பளத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினாள். அதற்கு முன்னால் எங்கே போவதென்றாலும் கணவர் பவுல்பாண்டியனின் பைக்தான். அவர் கூட்டுறவு சங்கத்தில் செயலாளர். கெட்டவர் இல்லை. ஆனால் மனைவி கேட்டவுடன் கிளம்பிவிட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ரகம். ராயகிரியில் இருக்கிற தங்கையைப் பார்க்கப் போகலாமா என்று அக்கா வெள்ளிக்கிழமை கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்த பிறகுதான் பதில் வரும். அந்தப் பதிலும் பாதி நாள் "பாப்போம்" என்பதாகத்தான் இருக்கும்.

கார் வந்த பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். "சாவிய எடுத்தா போயிரலாம் பாலம்மா, யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம்" என்று ஒரு நாள் ஓட்டிக்கொண்டே சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

2023 டிசம்பரில் எப்சிபா அக்கா ஒரு சொந்தக்காரப் பெண்ணின் நிச்சயத்துக்கு ஏரலுக்குக் காரில் போனாள். மறுநாள் விடிய விடிய மழை. ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது. நிச்சயத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மூன்று நாள் மச்சில் இருந்தார்கள். கார் ஸ்டீயரிங் வரைக்கும் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் பவுல்பாண்டியன் எப்படியோ போய்ச் சேர்ந்தார். மனைவியிடம் நலம் விசாரித்தாரோ இல்லையோ, நேராகக் காரில் ஏறி, "ஸ்டார்ட் ஆவுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருப்பினார். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது அப்படிச் செய்யக்கூடாது என்பது இப்போது எனக்கே தெரியும். ஒரு சத்தம் வந்ததாம். அதோடு இன்ஜின் முடிந்தது.

ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற சங்கரநாராயணன் மதுரையில் இருந்து வேறொரு இன்ஜின் வரவழைத்துப் பிப்ரவரியில் மாட்டிக்கொடுத்தார். கை சுத்தமான மனிதர், வேலையும் சுத்தம். போதகர் வந்து காருக்கு ஜெபம் பண்ணினார். மறுநாள் காலை மேலநீலிதநல்லூர் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கார் பொசுக்கென்று நின்றது.

அன்றைக்கு ஆரம்பித்த கூத்து ஒரே மாதிரிதான் நடக்கும். கார் நிற்கும். அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் தள்ளுவேன். டீக்கடையில் இருந்து ஓர் ஆண்பிள்ளை எழுந்து வருவார். "நீங்க இறங்குங்க டீச்சர்" என்பார். சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். கார் உடனே ஸ்டார்ட் ஆகும். "ஒண்ணும் இல்லையே டீச்சர், கிளட்ச டக்குன்னு விட்டுருப்பிய" என்று புத்தி சொல்லிவிட்டு இறங்குவார். நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும். அக்கா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்புவாள். அடுத்த வேகத்தடை வரைக்கும் ஓடும்.

சங்கரநாராயணன் பிளக் மாற்றினார். ரிலே மாற்றினார். பெட்ரோல் பம்ப்பையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தானே வாசுதேவநல்லூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரயிலு மாதிரி போவுது டீச்சர்" என்பார். பவுல்பாண்டியனும் ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. சோதனை ஓட்டம் என்றால் அக்காவைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். டீச்சருக்குக் கொடுக்கிற மரியாதை அது. அவள் ஓட்டினால்தான் நிற்கிறது என்று இருவரும் வாயால் சொன்னார்கள். ஆனால் அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்றார் பவுல்பாண்டியன், என்னை வைத்துக்கொண்டே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சார், நானும் கூடத்தான் இருக்கேன். அக்கா ஒழுங்காத்தான் ஓட்டுதாவ" என்றேன். "நீங்க டீச்சருக்கு டீச்சர் சப்போர்ட்டு" என்று சிரித்தார்.

அக்டோபரில் அவர் முடிவெடுத்துவிட்டார். வாசுதேவநல்லூர் மைதீன் பாட்சா, வளைகுடாவில் இருந்து திரும்பியவர், சின்னக் கார் ஒன்று தேடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பார்க்க வருகிறார். "நடுரோட்டுல நிக்குத வண்டிய வச்சுக்கிட்டு நமக்கு எதுக்கு இந்தத் தலவலி, பேசாம பைக்குல வா" என்று பவுல்பாண்டியன் சொல்லிவிட்டாராம். அக்கா வியாழக்கிழமை அதைச் சொன்னபோது அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. "நான்தான் சரியா ஓட்டலையோ பாலம்மா" என்று கேட்டாள். எட்டு மாதமாகக் கார் நின்றபோதெல்லாம் வராத வருத்தம் எனக்கு அப்போது வந்தது.

அன்று சாயந்திரம் பள்ளி விட்டதும் காரை நேராகப் பட்டறைக்கு விடச் சொன்னேன். "அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க ஓட்டப்பிடாது. அக்கா ஓட்டட்டும். நீங்க வண்டியில உக்காந்து வாங்க" என்றேன்.

சங்கரநாராயணன் நெளிந்தார். சொந்தக் கடைத்தெருவில் ஒரு பெண்பிள்ளை ஓட்டுகிற காரில் தான் சும்மா உட்கார்ந்து போவதா என்று அவருக்குக் கூச்சம். அதோடு டீச்சர் அவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள். அவள் பக்கத்தில் உட்காரவும் மனம் வரவில்லை. "நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்று அக்காவின் சீட்டுக்குப் பின்னால் முடங்கிக்கொண்டார்.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் முதல் வேகத்தடையில் கார் நின்றது. முப்பத்தொன்று.

"இருங்க டீச்சர், சாவியத் தொடாதிய" என்றார் பின்னால் இருந்து. "என் காலுகிட்ட டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது."

குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை. பிறகு, "டீச்சர், சீட்டைப் பின்னால தள்ளுங்க" என்றார். தள்ளினாள். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க." கார் ஓடியது. "முன்னால இழுங்க, நல்லா ஆட்டுங்க." நின்றது.

பெட்ரோல் பம்ப்புக்குப் போகிற வயர் சீட்டுக்கு அடியில் தரையோரமாகப் போகிறது. அது சீட்டுத் தண்டவாளத்துக்குக் கீழே மாட்டி நசுங்கிக் கிடந்தது. சீட்டை முன்னால் இழுத்தால் அழுத்தும்; குலுக்கலில் இணைப்பு விட்டுப்போகும். பின்னால் தள்ளினால் சேர்ந்துகொள்ளும். கால் எட்டாமல் சீட்டை இழுத்துப்போட்டு ஓட்டுகிறவள் ஊரிலேயே அக்கா ஒருத்திதான். காப்பாற்ற வந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் முதல் வேலையாகச் சீட்டைத் தள்ளித் தள்ளி, கோளாறைத் தாங்களே சரிசெய்துவிட்டு, அவளுக்குக் கிளட்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"சீட்டக் கழட்டி மாட்டுனது யாரு? என் பட்டறையில சீட்டத் தொடவே இல்ல" என்றார் சங்கரநாராயணன்.

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜனவரியில் சேறு படிந்த சீட்டுகளைக் கழற்றி மொட்டைமாடியில் காயப்போட்டுத் தானே மாட்டியதாகப் பவுல்பாண்டியன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"யாரு மாட்டுனா என்ன அண்ணாச்சி, வயர மாத்துங்க" என்றாள் அக்கா.

மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேலை முடிந்ததை அக்காவிடம் சொல்வதற்கு முன்னால் அவர் பவுல்பாண்டியனுக்குப் போன் போட்டார். "சார், கண்டுபிடிச்சுட்டேன். டீச்சர் சீட்ட ரொம்ப முன்னால இழுத்துட்டாவ, அதான்." வீட்டுக்குப் போனதும் சார் என்ன சொன்னார் என்று மறுநாள் அக்காவே சொன்னாள்: "நான் சொன்னம்லா, நீ உக்காருத மொறையே சரியில்லன்னு." நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கார் சரியாகிவிட்டதால் மைதீன் பாட்சாவை வர வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பவுல்பாண்டியன் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "இப்ப ஓட்டம் சுத்தமா இருக்கு டீச்சர். நல்லா இருக்கும்போதே தள்ளி விட்டுரணும்."

நின்றபோதும் விற்க வேண்டும், ஓடும்போதும் விற்க வேண்டும் என்றால் இத்தனை நாள் நாங்கள் எதற்காகத் தள்ளினோம்?

அக்கா டீத் தட்டோடு வந்தாள். மைதீன் பாட்சா கையில் ஒரு தம்ளரைக் கொடுத்தாள். "டீ குடிங்க பாய். சிரமத்துக்கு மன்னிக்கணும், வண்டி குடுக்கதா இல்ல."

"ஏட்டி, நான் அவுகளுக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்றார் பவுல்பாண்டியன்.

"வாக்கு நீங்க குடுத்திய. கையெழுத்து நான்லா போடணும். மாத்துன இன்ஜின் நம்பர ஏத்த ஆர்டிஓ ஆபீசுக்கு மூணு நடை நடந்தது நானு. வண்டியோட ஆர்சி புத்தகம் என் பேருல இருக்கு."

மைதீன் பாட்சா கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சரம்மா வண்டின்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணாச்சி" என்று டீயை மெதுவாகக் குடித்து முடித்து, சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பவுல்பாண்டியன் நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எட்டு மாசமா வண்டி சரியில்ல, சரியில்லன்னு நீதான சொல்லிக்கிட்டு இருந்த?"

"வண்டி சரியில்லன்னுதான் சொன்னேன்" என்றாள் எப்சிபா அக்கா. "எனக்கு வேண்டாம்னு ஒரு நாளாவது சொன்னேனா?"