தவிட்டு நிறம் பிடித்த செல்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. வீட்டில் சோறு வைக்கும் அதே குக்கர்தான். முதல் நாள் வேலைக்குப் போனபோது, யாரோ மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளே, சாயம் பிடிப்பதற்காக வெந்துகொண்டிருந்தவை கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் யாரோ ஒருவருடைய உணவுக்குழாயிலிருந்து கிள்ளியெடுத்த சதையின் மெல்லிய சீவல் ஒட்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பாறசாலையிலிருந்து காலைப் பாசஞ்சரில் திருவனந்தபுரம் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். எங்கள் டாக்டரம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய் வருவதற்கு முன்பே செல்களில் அதன் அடையாளம் தெரியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் தேடியது ஒரு புரதத்தை. நல்ல செல்லில் அது உண்டாகும், வேலை முடிந்ததும் சிதைந்துபோகும். அதனால் எங்கள் சாயம் அங்கே பிடிக்காது. அந்தப் புரதம் பழுதாகிவிட்டால் சிதையாமல் செல்லின் கருவுக்குள்ளேயே தேங்கிவிடும். அப்போது சாயம் பிடித்து, கரு தவிட்டு நிறத்தில் தெரியும். மற்றவை எல்லாம் வெளிர் நீலம். இவ்வளவுதான் என் வேலை: நீலமா, தவிடா என்று காட்டும் தகடுகளைத் தயார் செய்து கொடுப்பது.

எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் ஒரு அக்கா இருந்தார். பூவார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஐம்பது வயதிருக்கும். தலையில் அலுமினியச் சருவத்தோடு திருப்புறம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி வருவார். வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும். வியாபாரம் முடிந்ததும் எங்கள் வீட்டில் கஞ்சி குடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தை லேசாக முன்னால் நீட்டினார்.

“தொண்டை வலிக்குதா அக்கா?”

“வேதனை ஒண்ணும் இல்ல மக்கா. நெஞ்சுல ஒரு எரிச்சல் உண்டு. அது பத்து வருஷமா உள்ளதாக்கும்.”

அடுத்த வாரமே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்து நான்கு இடத்தில் கிள்ளி எடுத்தார்கள். வழக்கமான சோதனையில் லேசான மாற்றம் என்றுதான் வந்தது. புற்றுநோய் இல்லை. புகையிலையை விடச் சொன்னார்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அக்கா சந்தோஷமாகப் பஸ் ஏறினார். ஏறும்போதே மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, ஆராய்ச்சிக்காக வைத்திருந்த அவருடைய சதைத் துணுக்கின் முறை வந்தது. தகட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணைப் போட்டவளே நான். சாயம் ஊற்றி, கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். அடிவரிசை முழுக்கத் தவிட்டு நிறம். வரிசையைத் தாண்டி மேலேயும் ஏறியிருந்தது. சாயம் அதிக நேரம் நின்றுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, இன்னொரு சீவலில் திரும்பச் செய்தேன். அதிலும் அப்படியே இருந்தது.

டாக்டரம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கும் இதைப் பார்க்கப் பயமாகத்தான் இருக்கிறது,” என்று மலையாளத்தில் சொன்னார். “ஆனால் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்த ஆராய்ச்சியே. தெரியாத ஒன்றை ரிப்போர்ட்டில் எழுதி ஒருத்தரைப் பயமுறுத்தக் கூடாது. ஒரு வருடம் வேண்டாம், மூன்று மாதத்தில் வரச் சொல். காரணம் சொல்லாதே.”

அவர் சொன்னது நியாயம். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் வர வேண்டும் என்று சொன்னதுமே அக்கா மறுத்துவிட்டார். நோய் இல்லை என்று சொன்ன பிறகு எதற்குக் குழாய் விழுங்க வேண்டும் என்று கேட்டார். அவர் வீட்டுக்கே போனேன். கடலோரத்தில் ஓலை மாற்றி ஓடு போட்டிருந்த சிறிய வீடு. முன்னால் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. நான் பேசப் பேச அவர் கையால் நெத்திலியைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வேறு வழி தெரியாமல் சொல்லிவிட்டேன்.

“அக்கா, உங்க சதையில ஒரு நிறம் பிடிச்சிருக்கு. அது பிடிக்கக் கூடாது. வியாதியில்ல. வியாதி வரப்போறதுக்கு அடையாளமா இருக்கலாம்.”

அவர் கை நின்றுவிட்டது.

“வரும்னு சொல்லுதியா, வராதுன்னு சொல்லுதியா?”

“தெரியாது அக்கா.”

“தெரியாததை எதுக்கு எனக்கிட்ட வந்து சொல்லுத?”

ஆனாலும் மூன்று மாதம் ஆனதும் வந்தார். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டே வந்தார். மறுபடி குழாய் விட்டார்கள், மறுபடி கிள்ளினார்கள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பழைய அதே லேசான மாற்றம்தான், கூடுதலாக ஒன்றும் இல்லை. நல்ல செய்தி என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மூணு மாசமா நான் உறங்கல்ல. எனக்க மோளுக்கு நிச்சயம் பண்ண வந்தவங்கள, தாய்க்கு ரோகம்னு யாரோ சொல்லித் திருப்பி விட்டாச்சு. இனி எனக்கிட்ட ஒண்ணும் சொல்லாதே.”

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்தச் செய்தியைக் கடற்கரையில் பரப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. அன்று முற்றத்தில் நான் பேசியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் மெதுவாகப் பேசியிருக்கலாம். பேசாமலே இருந்திருக்கலாம். அம்மா வேறொருவரிடம் மீன் வாங்கத் தொடங்கினாள். ஏன் என்று என்னிடம் கேட்கவில்லை.

வேலை நடந்துகொண்டே இருந்தது. கள்ளிக்காடு என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தகட்டில் எல்லாமே நீலம், ஒரு கரு கூடத் தவிடாகவில்லை. மனதுக்குள் அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். சில மாதத்திலேயே அவர் உணவு இறங்காமல் வந்து படுத்தார், பிழைக்கவில்லை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வேலை பார்த்த ஒரு பெண்மணியின் தகடு அக்காவினுடையதைவிடக் கருத்துத் தெரிந்தது. எத்தனை முறை சோதித்தும் அவருக்கு ஒன்றும் வளரவில்லை. டாக்டரம்மா இரண்டையும் ஒரே மாதிரி நிதானத்தோடு நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்கு அந்த நிதானம் வரவில்லை.

முதலில் சொன்ன ஒரு வருடக் கெடு முடிந்த வாரம், ஆய்வகத்தின் வாசலில் அக்கா நின்றார். தனியாக வந்திருந்தார். வாய் சிவந்திருக்கவில்லை.

“இண்ணைக்குத்தான் வரச் சொல்லியிருந்தது. எங்க போணும்னு காட்டு.”

அந்த முறை கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்தோலைத் தாண்டாத சிறிய புற்று. பார்வைக்கு ஒரு சிவந்த திட்டுதான். ஆபரேஷன் செய்து, உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்து, இரைப்பையை மேலே இழுத்துக் கழுத்தில் சேர்த்தார்கள். பதினெட்டு நாள் படுக்கையில் இருந்தார். குரல் கம்மிப்போய்விட்டது. ஒரு நேரத்தில் ஒரு கைப்பிடிச் சோறுதான் இறங்கும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. தலையில் சுமை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மீன் விற்பதை மகள் எடுத்துக்கொண்டாள். அந்த மகளுக்கு மறு வருடம் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்கும் அழைப்பு வந்தது.

ஒருநாள் மறுபரிசோதனைக்கு வந்த அக்கா, அந்த நிறத்தைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா தலையசைத்தார். பழைய தகட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தேன். முதலில் தன் இமைமயிரைத்தான் பார்த்தார். கண்ணைக் கொஞ்சம் விலக்கி வைக்கச் சொன்னேன். பிறகு அசையாமல் வெகுநேரம் பார்த்தார்.

“இது எனக்க உள்ளே உள்ளதாக்குமா?”

“ஆமா அக்கா.”

“ரொம்பச் சின்னதா இருக்கு.”

நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன். அன்று நான் சொன்னது தப்பா என்று. அவர் அந்தக் கம்மிய குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“தப்புதான். எனக்க மோளு அழுதது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்கு. ஆனா பொகையில விட்டது அந்தப் பேடியில, அந்தப் பயத்துலயாக்கும். பேடி இல்லேன்னா நான் திரும்ப வந்திருக்க மாட்டேன். ரெண்டும் உள்ளதுதான், மக்கா.”

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு ஒரு சிறுமியுடையதைப் போல அவ்வளவு இலேசாக இருந்தது.