வரிசையாக நின்ற டாக்டர் புல்

எங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றாலும் அரிசியில் கல் பொறுக்க வேண்டுமென்றாலும் இன்றுவரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூர்மையான கண் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு புல்லைக் கண்டுபிடித்து வாங்கிய பெயர் அது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் எப்போதோ கொடுத்திருப்பேன்.

நாகலாபுரத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அவருடைய அண்ணனான பெரிய நைனாவும் சேர்ந்து வைத்திருந்தது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சாண் மண் சொந்தமாக இருந்ததில்லை. எல்லாரும் பிறத்தியார் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள், கட்டு சுமந்தவர்கள். பட்டா கிடைத்த அந்தச் சரிவில் வேம்பும் புங்கமும் நாவலும் காடுபோலத் தானாக வளர்ந்து நின்றன. அவற்றை வெட்டாமல், இடைவெளி பார்த்து, பங்காருபாளையத்திலிருந்து லாரியில் வந்த ஒட்டு மாங்கன்றுகளை நைனா நட்டார். முதல் இரண்டு கோடைக்கும் கீழே கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்ததில்ல, கன்னுக்குக் கொடம் கொடமா ஊத்துறாரு" என்பாள் அம்மா. அதில் பொய் ஒன்றும் இல்லை.

புல்லைக் கொண்டுவந்தது அத்தை. நைனாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தே திரும்பி வந்தவள். வந்த அன்றே அம்மாவிடம், "என் சோத்த நானே சம்பாரிச்சுத் துன்னுக்கிறேன் அண்ணி, படுக்க எடம் குடு, போதும்" என்றாளாம். சொன்னபடியே இருந்தாள். இரண்டு வேளையும் பால் வண்டிக்குப் பால் ஊற்றுவாள். நடவுக் காலத்தில் கூலிக்குப் போவாள். நடவில் அவளுக்கு ஈடு கிடையாது. சத்தியவேடு பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கயிறு பிடிக்காமலே அவள் நட்ட வரிசை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும்.

அவளுடைய மாட்டுக்கென்று மாட்டு டாக்டர் ஒருமுறை நடுவதற்கு ஒரு கட்டுப் புல் வேர்க்கரணை கொடுத்தார். நிழலிலும் வரும், அறுக்க அறுக்கத் தழையும், மாடு விரும்பித் தின்னும் என்றார். கூடவே தெலுங்கில் ஒன்று சொன்னார்: "புவ்வு ராகமுந்தே கோசெய்யாலி." பூ வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்று அர்த்தம். கால்வாய் ஓரமாக அத்தை அதை நட்டாள். கினியா புல் என்கிற அதன் பெயர் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. நாங்கள் டாக்டர் புல் என்றே சொன்னோம்.

டாக்டர் சொன்னதை அத்தை மறக்கவில்லை. ஆனால் ஒரு ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். மாட்டுக்கு அம்மா எதையோ போட்டுச் சமாளித்தாள். புல்லை அறுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது நிதானமாகப் பூத்தது. விதை காற்றில் போயிற்று, மழைத் தண்ணீரில் போயிற்று, மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டும் போயிற்று. அடுத்த மழைக்கு மரத்தடி எங்கும் அதுதான். பங்குனியில் காய்ந்து ஆள் உயரத்துக்கு நின்றது. மலைப் பக்கமிருந்து யாரோ போட்ட பீடி நெருப்பு அதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்குள் இறங்கியது. பெரிய மரங்கள் தப்பின. மாங்கன்றுகளில் பாதிக்குமேல் கருகிப்போயின. நைனா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் பெரிய நைனா எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "மரம் இருந்தாத்தான் இது நம்ம நெலம். பொட்டலாப் பூட்டா, எவன் வேணா வந்து ஏன் சும்மா வெச்சிகினு கீறேன்னு கேப்பான். ஒரு தூரு இருக்கக் கூடாது. கால்வா ஓரத்ததும் சேத்துத்தான்."

அத்தை தலையை ஆட்டினாள். "மாட்டுக்கு?" என்று அம்மாதான் கேட்டாள். வைக்கோல் போடச் சொன்னார். வைக்கோல் நெல் விளைகிறவன் வீட்டில் இருக்கும். எங்களுக்கு ஏது நெல்? அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

முதல் மழை பெய்து மண் இளகியதும் வேலை தொடங்கியது. அந்தப் புல்லைச் சும்மா பிடுங்கினால் பிடுங்கியவன் கைதான் அறுபடும். நைனா கடப்பாரையைத் தூருக்கு அடியில் விட்டு நெம்புவார். அம்மா மண்ணை உதறுவாள். அத்தை அதைக் கொண்டுபோய்ப் பாறைமேல், வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்த்து வைப்பாள். ஈர மண்ணில் எறிந்தால் எறிந்த இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு, தூரை எடுத்த இடத்துக்குப் பக்கத்து மரத்தில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பொட்டு வைத்த இடங்களைச் சுற்றிப் பார்த்து, மறுபடி துளிர்த்திருந்தால் சொல்ல வேண்டும். ஒரு துளிரைக்கூட நான் தப்பவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறையில் கால்வாசி காட்டியிருந்தால் வாத்தியாருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

இரண்டு மாதத்தில் தோப்பு சுத்தமானது. கருகிப்போன கன்றுகளுக்குப் பதிலாக நைனா புதுக் கன்று வைக்கத் தொடங்கினார். அத்தை மாட்டை ஓட்டிக்கொண்டு தோப்பின் கடைக்கோடிக்குப் போவதும், மாடு வயிறு நிறைந்து வருவதுமாக இருந்தது. எங்கே என்ன தின்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் மழை விட்ட மாலையில் நானும் நைனாவும் தோப்பைச் சுற்றிவந்தோம். கடைக்கோடியில் யானை படுத்ததுபோல ஒரு பாறை. அதற்குப் பின்னால், இரண்டு புங்கமரத்துக்கு நடுவே இருந்த பள்ளத்துக்கு நைனா எனக்கு முன்னால் போய்விட்டார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, கீழே பார்த்தபடி நின்றிருந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு நாற்றங்காலைத் தாண்டுவதுபோல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இந்தப் பக்கம் வந்தார்.

"இங்க ஒண்ணும் இல்ல, வா போலாம்" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். இளசாக, சாண் உயரத்தில், டாக்டர் புல். ஒன்றல்ல, மூன்று வரிசை. குத்துக்குக் குத்து ஒரே இடைவெளி. நைனாவின் காலடியிலேயே இருந்தும் அவருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாகவும், உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. பெரியவர் கண்ணுக்குத் தப்பியது என் கண்ணில் பட்டதே! அதைச் சொல்லவேண்டிய சபையில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய நைனா தோப்பைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்து, பரவாயில்லை என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. அம்மா கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று நான் எழுந்தேன்.

"இன்னும் கீது பெரிய நைனா. அந்தப் பாறைக்குப் பின்னால. நைனா கண்ணுக்கே தெரியல, நாந்தான் கண்டுபுடிச்சேன்."

நைனா, "அது வேற புல்லு, வுடு" என்றார். நான் விடுவேனா? "அதேதான் நைனா! எங்க ஸ்கூல் பிள்ளைங்க பிரேயர்ல நிக்கற மாதிரி வரிசையா நிக்குது!" என்று பெரிய நைனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டர் கொடுத்த புல் என்பதால் ஒழுங்கு தெரிந்த புல்லாக இருக்கும் என்று என் பங்குக்கு ஒரு விளக்கமும் சொன்னேன்.

பெரிய நைனா குனிந்து பார்த்தார். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே விரலை விரித்து அளந்தார். அடுத்ததையும் அளந்தார்.

"இது மொளச்ச புல்லு இல்லடா. நட்ட புல்லு" என்றார் நைனாவிடம். "நீ பாத்தியா இத?"

"பாக்கல அண்ணே."

"அதான் சொன்னேனே, நைனாவுக்குத் தெரியல" என்று நான் நைனாவைக் காப்பாற்றினேன்.

யார் நட்டது என்று யாரும் கேட்கவில்லை. காட்டுப்புல்போலத் தெரியட்டும் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக வைக்க அத்தைக்குக் கை வரவில்லை. அவசர அவசரமாக, யாரும் பார்ப்பதற்குள் நட்டிருப்பாள். அப்படியும் கை பழக்கத்தை விடாமல் கோடு போட்டுவிட்டது. அத்தை மாட்டை விட்டுவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள்.

"வாயில்லாத ஜீவன் அண்ணே, அது இன்னா துன்னும்?" என்றார் நைனா.

பெரிய நைனா சத்தம் போடவில்லை. "அவன் திரும்பவும் கன்னு வெச்சிகினு கீறான்மா. மறுபடியும் எரிஞ்சா அவனுக்குத் தெம்பு இல்ல. மாடா, மரமா, நீயே சொல்லு" என்றார் அத்தையைப் பார்த்து.

அத்தை போய்க் கடப்பாரையை எடுத்துவந்தாள். மூன்று வரிசையையும் அவளே நெம்பி எடுத்தாள். அம்மா உதவிக்குப் போனபோது வேண்டாம் என்றாள். எடுத்ததையெல்லாம் பாறைமேல் வேர் மேலாகக் கவிழ்த்து வைத்தாள். அங்கேயும் அவை வரிசையாகவே இருந்தன. நான் கொட்டாங்குச்சியோடு ஓடிப்போய் இரண்டு புங்கமரத்திலும் பொட்டு வைத்தேன். அத்தை என் கன்னத்தைத் தட்டி, "உனக்கு நல்ல கண்ணுடீ" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாளில் புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். அதற்கடுத்த வாரம் அத்தை திருப்பதிக்குக் கிளம்பினாள். மலைக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அம்மா, "இருந்தா என்னா, நாங்க துன்றத நீ துன்ன மாட்டியா?" என்று அழுதாள். அத்தை சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டாள். பிறகு அவள் அங்கேயே தங்கிவிட்டாள். கல்யாணம், காரியம் என்றால் வருவாள். வரும்போது தன் சாப்பாட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டுதான் வருவாள்.

அந்தத் தோப்பை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நைனா திரும்ப வைத்த மாமரங்கள் நன்றாகவே காய்க்கின்றன. புல்லும் முழுக்கப் போய்விடவில்லை. மழைக்கு மழை கடப்பாரையும் சுண்ணாம்புமாக நான் சுற்றத்தான் வேண்டியிருக்கிறது. பாறைக்குப் பின்னால் வரும்போது மட்டும் கால் நின்றுவிடும். நைனா பத்து வயதிலிருந்து நாற்றுமுடி சுமந்தவர். அத்தை நட்டுக்கொண்டு போக, அவள் பின்னாலேயே முடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனவர். ஒரு வரிசையைக் கண்டால் அது யார் கை என்று சொல்லக்கூடியவர். முப்பது கன்றைத் தீக்குக் கொடுத்த மனிதர், அதே புல்லை மிதிக்காமல் தாண்டி வந்தார்.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நைனா தரையைப் பார்த்தபடியே நடந்தார். அவருக்குக் கண் சரியில்லாததால்தான் பெரிய நைனாவின் முன்னால் அப்படி ஆகிவிட்டது, அந்த வருத்தம் என்று நினைத்தேன். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நைனா, நீ கண்ணாடி போட்டுக்க. திருப்பதியில நல்லதா கெடைக்குமாம். அத்தை வரும்போது வாங்கியாரச் சொல்லலாம்" என்றேன்.