ஜேர்மன்காரி தந்த கால்காப்பு

ஹொக்கி ஆடுகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு என்னிடம் இருக்கவில்லை. தோட்டத்தில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளின் மெல்லிய பலகையை அப்பா வெட்டித் தருவார். அதைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் ஆடினேன். அடி படாமல் காப்பாற்றியதைவிட அந்தப் பலகை என் தோலைக் கிழித்ததுதான் அதிகம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயம் பன்விலவுக்கு மேலே, பள்ளிக்கூடம் கண்டியில். பஸ்ஸில் மடவளையில் ஏறும் எங்கள் கோல் கீப்பர் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவாள்.

எண்பதுகளில் ஒரு ஜேர்மன் பெண்கள் அணி கண்டிக்கு வந்து எங்களோடு பயிற்சி ஆட்டம் ஆடியது. பயிற்சி அவர்களுக்கு, உதை எங்களுக்கு. அவர்களுடைய முன்வரிசையில் நெட்டையாக ஒருத்தி இருந்தாள். அவள் தன் நாட்டுக்காக ஊர் ஊராகப் போய் ஆடியவள் என்றார்கள். எங்கள் கோல் கீப்பருக்கு அன்று பந்து பொறுக்குவதே வேலையாகப் போயிற்று. ஆனால் அவர்கள் பழகியது செயற்கைப் புல்லில். எங்கள் மைதானத்தின் வலப்பக்கம் மழைத்தண்ணீர் அரித்த ஒரு மேடு உண்டு, அங்கே பந்து துள்ளும். துள்ளட்டும் என்று காத்திருந்து ஒரு கோல் போட்டேன். நாங்கள் போட்ட ஒரே கோல் அதுதான்.

ஆட்டம் முடிந்ததும் அந்த நெட்டைக்காரி என்னிடம் வந்தாள். காலுறையில் ரத்தத்தைக் கண்டு, குனிந்து பலகையை உருவி எடுத்தாள். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் காப்பைக் கழற்றி என் காலில் கட்டிவிட்டாள். அதன் உட்புறம் அவளுடைய சட்டை இலக்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தது. “ஜேர்மனிக்கு வா, அங்கே பார்ப்போம்” என்று அவள் சொன்னதாக எங்கள் பயிற்சியாளர் மிஸ் சிங்களத்தில் சொன்னார். போகிறபோக்கில் எல்லாரும் சொல்லும் பேச்சுத்தான். நான் நம்பிவிட்டேன்.

நம்பியதற்கு ஏற்றாற்போல், அடுத்த வருஷம் ஜேர்மனிக்குப் போகும் இலங்கை அணியில் எங்கள் கோல் கீப்பரோடு என்னையும் எடுத்தார்கள், மிஸ்ஸும் கூடப் போவதாக இருந்தது. கடவுச்சீட்டுத்தான் பாக்கி. மிஸ் என் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக்கூடக் கடிதத்தையும் வைத்து அலைந்து திரிந்து, காரியத்தை முக்கால்வாசி முடித்திருந்தார். கடைசியாக அலுவலகத்துக்கு அப்பாவையும் வரச் சொன்னார்கள்.

அப்பா என்ன செய்தார் என்பதைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த மலையகத்து ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இங்கே என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு போட்டுக்கொண்டன. லயத்தில் எல்லாரும் இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதினார்கள், அப்பாவும் எழுதினார். எங்கள் குடும்பம் முழுவதற்குமாக ஒரே ஒரு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அதிலுள்ள படத்தில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். பிறகு அம்மா செத்துப்போனார். பயணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் இந்தியாவுக்குப் போகும் கப்பலும் நின்றுவிட்டது.

அலுவலகத்தில் அதிகாரி கொச்சைத் தமிழில் அன்பாகத்தான் பேசினார். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா சட்டைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார்.

“ஐயா, புள்ளைக்குப் புதுசா எதுக்குங்க? நம்மகிட்டதான் இருக்குதுங்களே!”

இந்தியக் கடவுச்சீட்டை அவர் மேசையில் வைத்த பெருமையை இன்றைக்கும் என்னால் நினைத்துத் தாங்க முடியவில்லை. பாஸ்போட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார். எத்தனையோ வருஷமாகப் பெட்டியில் பூட்டி வைத்த பொருள் கடைசியில் மகளுக்கு உதவப்போகிறது என்ற சந்தோஷம் அவர் முகத்தில் வழிந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். என்ன நடந்துவிட்டது என்று அப்பாவுக்கு விளங்கவேயில்லை. “படம் பழசுங்க, ஆனா நம்ம புள்ளதாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில் என் படம் இருந்தால் நான் இந்தியாக்காரி, இலங்கைப் பாஸ்போட் எனக்குக் கிடையாது என்று பஸ்ஸில் வரும்போதுதான் நான் விளங்கப்படுத்தினேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கிருந்த ஆத்திரத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

“அத அடுப்புல போடுங்கப்பா!”

“வேணாம் ஆத்தா. நம்ம ஆளுன்னு காட்ட நம்மகிட்ட வேற என்னா இருக்கு?” என்றார். மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு.

என் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டார்கள். அவளிடமும் காப்பு இருக்கவில்லை. ஜேர்மன்காரி தந்ததைக் கழுவிக் காயவைத்து அவளிடம் கொடுத்தேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை, அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவர்கள் அங்கே ஆடிய நாட்களில் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொழுந்துக்கூடையோடு மலையில் நின்றேன்.

திரும்பி வந்த கோல் கீப்பர் மடவளையிலிருந்து லயத்துக்கே வந்துவிட்டாள். வந்தவள் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

“அந்த நெட்டக்காரி மத்தவள்ட கால்ல காப்பக் கண்டுட்டு ஓடி வந்தா. நம்பரத் தொட்டுக்காட்டி, அந்தச் சின்னவ எங்கேன்டு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“மிஸ்தான் பதில் சொன்ன. அவ தன்ட நாட்டுக்குப் போயிட்டா, இந்தியாவுக்குன்டு.”

மிஸ்ஸின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவருக்கும் வேறு என்ன சொல்ல முடிந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தாலும் தீரவில்லை.

“அவ சந்தோசப்பட்டா,” என்றாள் கோல் கீப்பர். “இந்தியா நல்லா ஆடுற நாடுதானே, அப்ப கட்டாயம் ஒரு நாள் எதிர்ல சந்திப்பேன்டு சொன்னா.”

அந்த ஜேர்மன்காரி அதற்குப் பிறகும் பல வருஷம் தன் நாட்டுக்காக ஆடினாள். எனக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை, எனக்கும் ஓடும் வயது இல்லை. இந்தியாவோடு ஆட அவள் இறங்கியபோதெல்லாம், வரிசையில் நின்ற பெண்களுக்குள் என்னைத் தேடியிருப்பாள்.