வெறும் வயிறு

என் தம்பிக்குப் பசி அதிகம். அந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லாரும் இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டோம். கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா உரம் போடும் வேலைக்குப் போனாள். பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிடுவதைவிடப் பெரிய சந்தோஷம் அவர்களுக்கு வேறு இல்லை. சோற்றைக் கொறிப்பவள் என்று பேர் வாங்கியது நான்தான்.

ஆனால் அவன் தின்றதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் அம்மா ஊக்குக் குத்தி அனுப்பினாள். தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் குடித்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன் மறுபடி பாயை நனைக்கத் தொடங்கினான். அதை வைத்து நான் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அடுத்த லயத்து வீட்டிலிருந்த அத்தை வந்து பார்த்து, "வயித்துல பூச்சிலா, வேற என்ன" என்று தீர்ப்புச் சொல்லிப் பூச்சி மருந்தும் வாங்கிக் கொடுத்தாள். பூச்சி ஒன்றும் விழவில்லை. அத்தை மருந்துக்கடைக்காரனைத் திட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகையும் சர்க்கரையும் இந்த வயதிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அவர்களில் ஒருவர் இளவயதுத் தமிழ் டாக்டர். டாக்டர் அக்கா என்றே நாங்கள் கூப்பிட்டோம். முதலில் சின்ன வகுப்புகளுக்கு, அடுத்த மாதம் பெரிய வகுப்புகளுக்கு என்று சொன்னார். காலையில் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று அம்மாக்களுக்கு விளக்கினார். அம்மாக்கள் பலமாகத் தலையாட்டினார்கள்.

அன்று காலையில் தம்பி எழுந்ததுமே அழ ஆரம்பித்தான். அடம் பிடிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்து அழுதான். "கொஞ்சம் பொறுத்துக்கடா, ஒரு ஊசிதானே" என்றார் அப்பா. அம்மாவுக்குத் தாங்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு அடுத்தவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அவளால் ஆகிற காரியமா? தோசை சுட்டுச் சீனி தூவிக் கொடுத்தாள். தின்று முடித்ததும் அவன் வாயைத் துடைத்துவிட்டு, "கேட்டா சாப்பிடலன்னு சொல்லு" என்றாள். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

"சாப்டியா தம்பி?" என்று டாக்டர் அக்கா கேட்டார்.

"தோசை! சீனி போட்டு!" என்றான் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வரிசையே சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அக்கா கோபிக்கவில்லை. "சாப்பிட்டா கணக்கு தப்பாயிடும்மா, ரத்தம் எடுக்க முடியாது. அடுத்த மாசம் வர்றப்ப இவனையும் கூட்டிட்டு வாங்க" என்றார். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிஸ்கட்டையும் பழச்சாற்றையும் அவனுக்கும் கொடுத்தார். ஊசி குத்திக்கொள்ளாமலே பரிசு வாங்கிய வீரனைப் பையன்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அவன் வாந்தி எடுத்தான். வயிற்றுக் கோளாறு என்று கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் அவனுக்கு மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. வாயில் அழுகின பழ வாசனை அடித்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காடியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

அப்பா அத்தையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சர்க்கரையாம். அந்தப் பசி, தாகம், மெலிவு எல்லாமே அதுதானாம். "அன்னிக்கு ரத்தம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமான்னு ஒங்க அண்ணி ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட கேட்டா. தெரிஞ்சிருக்கும்னு அந்த ஆளு சொல்லிட்டாரு" என்று சொல்லி அப்பா அழுதார். அப்பா அழுததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னது பாதி விளங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் பெரிய வகுப்புகளின் முறை வந்தது. அன்று அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. பள்ளி மண்டபம் திறக்குமுன்பே என்னை வரிசையில் முதலாவதாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அன்று பார்த்து எனக்கு நல்ல பசி.

"பசிக்குதும்மா" என்றேன்.

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். "தாகமாவும் இருக்கா? தண்ணி தண்ணியா குடிக்கணும் போல இருக்கா?"

இல்லை என்றேன். வலிக்கும் அளவுக்கு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மட்டும் தோசை, எனக்குப் பட்டினியா என்று உள்ளுக்குள் பொருமினேன். செத்துப்போன தம்பிமேல் அன்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

டாக்டர் அக்கா எனக்கு ரத்தம் எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினார். அம்மாவை அடையாளம் கண்டு சிரித்தார். "சீனித் தோசை தம்பி எங்கம்மா? இன்னிக்கு வரச் சொல்லியிருந்தேனே."

"அவன் ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்றாள் அம்மா. "காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல."

"கெட்டிக்காரன்" என்று சொல்லி, டாக்டர் அக்கா அவனைத் தேடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மா கேள்வியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்து, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி நானே எடுத்துச் சொன்னேன்: "சாப்பாட்டக் கேக்கலம்மா, தம்பி எங்கன்னு கேக்குறாங்க."